குட்டியானைக்கு எவ்வளவு பாரம்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "நீ வண்டி ஓட்டுறதைப் பத்திப் பேசு, பொம்பளை டிரைவர்னா எல்லாரும் கேப்பாங்க" என்றார்கள். அதை ஒரு அதிசயம் மாதிரி பேச எனக்கு இஷ்டமில்லை. ஸ்கூட்டி ஓட்டாத பொண்ணு இப்போ எந்தத் தெருவில் இருக்கு? நான் பேசப்போவது பாரத்தைப் பத்தி. ஒரு சின்ன வண்டி எவ்வளவு தூக்கும், எவ்வளவு தூக்காது என்பதைப் பத்தி. அதில் உங்கள் சிலர் மேல் எனக்கும், என் மேல் உங்கள் சிலருக்கும் வருத்தம் இருக்கிறது. அதையும் பேசிவிடுகிறேன்.

எங்கள் குட்டியானை 2016-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விலை 1,85,000 ரூபாய். குழுவின் பேங்க் கடனில் என் பங்கு 50,000, கூட்டமைப்புக் கடன் 60,000, மீதிக்கு என் கம்மலும் செயினும் அடகுக் கடைக்குப் போனது. அப்போது ஓட்டினது என் வீட்டுக்காரர். ரெண்டு வருஷம் நல்லா ஓடியது. பிறகு அவருக்கு முதுகுத் தண்டில் டிஸ்க் விலகிவிட்டது. மூட்டை தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் உட்காரவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி வாசலில் நின்றது. தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கூலிக்கு ஒரு டிரைவர் போட்டோம். டீசல் கணக்கு ஒத்துவரவில்லை, அவரை நிறுத்தினோம். மாந்தோப்பில் நாலு வாரம் ஓட்டிப் பழகி, லைசென்ஸ் எடுத்து, நானே உட்கார்ந்தேன். இதில் ஒரு விஷயம் உங்களுக்கும் உதவும். முன்னெல்லாம் சரக்கு வண்டிக்குத் தனியாக பேட்ஜ் வேணும் என்பார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம், கார் ஓட்டுகிற அதே எல்.எம்.வி. லைசென்ஸில் 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியும் ஓட்டலாம் என்று தீர்ப்பு சொன்னது. 2024 நவம்பர் 6-ந் தேதி ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து அது சரிதான் என்று உறுதி செய்தார்கள். கார் லைசென்ஸ் வைத்திருக்கிற தங்கச்சிங்க யாராவது இருந்தால் இதை மனசில் வெச்சிக்கங்க.

இப்போ வண்டிக்கு வரேன். டாடா கம்பெனி 2005-ல் 'ஏஸ்' என்று பேர் வைத்து இந்த வண்டியை விட்டது. வடநாட்டில் இதை 'சோட்டா ஹாத்தி' என்கிறார்கள், நம்ம பக்கம் குட்டியானை. பேரில் யானை இருப்பதுதான் வம்பு. பார்க்கிறவன் குட்டியை விட்டுவிட்டு யானையை மட்டும் பிடித்துக்கொள்கிறான். முதலில் வந்த வண்டிக்கு இஞ்சின் 702 சிசி, ரெண்டே சிலிண்டர், பலம் 16 குதிரை. பொங்கலுக்குப் பசங்க டபடபன்னு ஓட்டுகிற 350 சிசி புல்லட் பைக்குக்கு அதுவே 20 பக்கம் வரும். புல்லட்டைவிடப் பலம் குறைந்த இஞ்சினை வைத்துக்கொண்டுதான் நாம் சிமெண்ட் ஏற்றுகிறோம்.

பிறகு எப்படி இழுக்குது? எல்லாம் கியர். முதல் கியரில் இஞ்சின் நிறைய சுற்று சுற்றும், சக்கரம் கொஞ்சமாகத்தான் சுற்றும். வேகத்தைக் கொடுத்துவிட்டுப் பலத்தை வாங்கிக்கொள்கிறது. அதனால் சமதரையில் ரெண்டு மடங்கு ஏற்றினாலும் வண்டி நகர்ந்துவிடும். அதைப் பார்த்து "பார்த்தியா, தாங்குது" என்பார்கள். தாங்குகிறதா இல்லையா என்பது சமதரையில் தெரியாது. மேட்டில் தெரியும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அதைவிட நல்லாத் தெரியும்.

எவ்வளவு ஏற்றலாம் என்று யாரையும் கேட்க வேண்டாம். ஆர்.சி.யில் வெற்று எடை ஒன்று, பாரத்தோடு மொத்த எடை ஒன்று போட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கணக்கு வந்துவிடும். என் வண்டிக்கு மொத்தம் 1,550 கிலோ, வண்டி மட்டும் 800 கிலோ பக்கம். மிச்சம் சுமார் 750. அந்த 750-ல் நானும் அடக்கம், பக்கத்து சீட்டில் வருகிற லோடுமேனும் அடக்கம். இதை நான் கழித்துப் பார்த்தது எப்போ தெரியுமா? ஓட்ட ஆரம்பித்து எட்டு மாசம் கழித்து, ஒரு அடி பட்ட பிறகு.

சோளிங்கர் ரோட்டில் இருந்து உள்ளே பிரியும் ஒரு ஊருக்குச் செங்கல் லோடு. மேஸ்திரி 600 கல் கேட்டார். "எல்லாரும் ஒரே நடையில 600 ஏத்துறாங்கம்மா, உனக்கு மட்டும் என்ன?" என்றார். பொம்பளை என்பதால் குறைவாக ஏற்றுகிறாள் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு ரோஷம். 500-க்கு ஒத்துக்கொண்டேன். ஒரு கல் மூணு கிலோ என்று வையுங்கள். ஒன்றரை டன். ஏற்றக் கூடியதில் இரண்டு பங்கு. ஏற்றும்போதே பின்னால் பட்டை வளைந்து, டயர் பிதுங்கி, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பார்த்தேன். பார்த்துட்டும் கிளம்பினேன்.

ஊருக்கு முன்னால் ஏரிக்கரை மேடு. ரெண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதியில் இஞ்சின் திணறியது. முதல் கியருக்கு மாற்ற கிளட்ச்சை மிதித்தேன். அவ்வளவுதான், இழுவை அறுந்தது. முதல் கியர் விழுவதற்குள் வண்டி நின்றுவிட்டது, இஞ்சினும் நின்றுவிட்டது. இஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குத் துணை. நின்ற பிறகு ரெண்டு மூணு மிதிக்குமேல் மிதி கல் மாதிரி ஆகிவிடும். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். ஒன்றரை டன்னுக்கு அது எந்த மூலைக்கு? வண்டி மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பாட்டி வருகிறார். ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், இன்னொரு பக்கம் வேலிகாத்தான் புதர். ஸ்டியரிங்கை ஒடித்துப் பின்பக்கத்தைப் புதர் இருந்த பக்கம் விட்டேன். லோடுமேன் பையன் குதித்து, ஒரு கருங்கல்லைச் சக்கரத்துக்கு அடியில் போட்டான். நின்றது. பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடுகளை ஒன்றொன்றாக எண்ணினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பாதிக் கல்லை அங்கேயே இறக்கி, ரெண்டு நடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். கிளட்ச் பிளேட் கருகிவிட்டது. அந்த லோடுக்கு வாடகை 1,200. மெக்கானிக் செலவு 8,700. வேலை இல்லாமல் நின்றது மூணு நாள். அந்த மாசம் தவணைக்குக் குழுவில் உள்கடன் கேட்டேன். ஏன் என்று கேட்டீர்கள், வண்டி ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன். பாரம் அதிகமாக ஏற்றினது என் தப்பு என்பதை இன்றைக்குத்தான் உங்கள் முன்னால் முதல் முறையாகச் சொல்கிறேன்.

எங்க நைனாவிடம் சொன்னேன். அவர் சின்ன வயசில் மாட்டு வண்டியில் நகரி வரைக்கும் பாரம் அடித்தவர். திருத்தணியெல்லாம் ஆந்திராவில் இருந்த காலம் அது. 1960 ஏப்ரல் 1-ல்தான் நம்ம ஊர் இந்தப் பக்கம் வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி எத்தனை கல் என்பதில்லை. "முன்பாரமா பின்பாரமா?" என்றார்.

மாட்டு வண்டியில் பாரம் பின்னால் போய்விட்டால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்தில் அழுத்தும், மாடு முட்டி போட்டுவிடும். அதனால் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கை அழுத்தம் நுகத்தடியில் இருக்கிற மாதிரி ஏற்ற வேண்டும். மேடு வந்தால் வண்டிக்காரன் முன்னால் நகர்ந்து உட்காருவான், ஏனென்றால் மேட்டில் பாரம் தானாகப் பின்னால் சாயும். "உன் வண்டிக்கு மாடு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன், அப்படியேதான். என் வண்டியில் மாடு இருக்கிற இடத்தில் முன்சக்கரம். அன்றைக்குக் கல்லை வாலில் இருந்து அடுக்கிக்கொண்டு வந்திருந்தோம். முன்சக்கரத்தில் எடை இல்லாமல் ஸ்டியரிங் காற்றில் பிடித்த மாதிரி இருந்தது அதனால்தான். இப்போ கனமான சாமானைக் கேபினை ஒட்டி வைத்து, அங்கிருந்து பின்பக்க அச்சு வரைக்கும் அடுக்குவேன். அச்சுக்குப் பின்னால் லேசான சாமான்தான். உயரமாக அடுக்க மாட்டேன். அடியில் கனம், மேலே லேசு.

மேடு வருவதற்கு முன்னாலேயே முதல் கியர். பாதி மேட்டில் கியரைத் தொடவே கூடாது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடாகிச் சூடாகி ஒரு கட்டத்தில் பிடிக்காது. சக்கரத்துக்குப் போட ரெண்டு மரக்கட்டை சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கும். என் கல்யாண வளையலை மறந்தாலும் மறப்பேன், அந்தக் கட்டையை மறக்க மாட்டேன்.

சிலர் ஒரு யோசனை சொன்னார்கள்: "பின்னால ரெண்டு பட்டை சேர்த்துப் போடு, எவ்வளவு வேணா ஏத்தலாம்." பட்டை சேர்த்தால் வண்டி வளையாது, அது உண்மை. ஆனால் பிரேக் அதே பிரேக், அச்சு அதே அச்சு, டயர் அதே டயர். கனம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். வளைகிற வண்டியாவது நம்மை எச்சரிக்கிறது.

அப்புறம் நம்ம குழு நோட்டு மாதிரி ஒரு நோட்டு போட்டேன். எந்தச் சாமான் என்ன எடை என்று எழுதினேன். சந்தேகம் வந்தால் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தேன். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, அதனால் 13 மூட்டைக்கு மேல் ஏற்ற மாட்டேன், ஆள் எடை இருக்கிறதே. செங்கல் 200. அரிசி 25 கிலோ சிப்பம் 26. நெல் 75 கிலோ மூட்டையானால் எட்டு. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதனால் ஆயிரம் லிட்டர் டேங்க் நிரப்பிக் கேட்டால் கிடையாது, 500 சரி. எம்-சாண்ட் ஒரு கன அடி 45 கிலோ வரும், ஈரமாக இருந்தால் இன்னும் கூட. பார்த்தால் கொஞ்சமாகத் தெரியும், 14 அடியிலேயே கணக்கு முடிந்துவிடும். மணல் மாதிரி ஏமாற்றுகிற சாமான் வேறு இல்லை. பூவும் தறி நூலும் கல்யாணப் பந்தல் சாமானும் நேர் எதிர். வண்டி நிறைந்து வழியும், எடை பாதிகூட வராது.

அதனால் வேலையையே மாற்றிக்கொண்டேன். செங்கல், மணல் குறைத்தேன். பள்ளிப்பட்டு, நகரி பக்கம் தறிக்காரர்களுக்கு நூலும் துணியும் போகிறது. ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிக்குப் பூ. மாம்பழ சீசனில் கிரேடு. முகூர்த்த நாளில் சமையல் பாத்திரம். நகரியில் ஒரு தறிக் கொட்டகையில் முதல் நாள் போய் நின்றபோது, அந்த அம்மா என்னைத் தாண்டி வண்டிக்குள்ளே எட்டிப் பார்த்து, "டிரைவர் எக்கட?" என்றார். "நேனே" என்றேன். ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். இப்போ வாரம் ரெண்டு நடை அவங்க லோடுதான்.

வருமானம் குறைந்ததா என்று கேட்பீர்கள். நடைக்குக் குறைந்தது. வருஷத்துக்குக் குறையவில்லை. அந்த விபத்துக்கு முந்தின எட்டு மாசத்தில் டயர் ஒரு ஜோடி, பட்டை ஒரு தடவை, கிளட்ச் ஒரு தடவை. அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் கிளட்ச்சைத் தொடவில்லை. அது போக, 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. கூடுதல் சாமானை நம் செலவில் இறக்கவும் வேண்டும். ஒரு தடவை மாட்டினால் எத்தனை மாசத் தவணை என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சில வாடிக்கை போனது. அந்த மேஸ்திரி என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இப்போ வருத்தத்துக்கு வரேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடிக் கிருத்திகை. நம்ம குழுவும் பக்கத்துக் குழுவும் சேர்ந்து காவடி எடுத்தோம். 22 பேர். மலையடிவாரம் சரவணப் பொய்கை வரைக்கும் என் வண்டியில் போகலாம், அங்கிருந்து 365 படியும் ஏறலாம் என்று கூட்டத்தில் பேசி முடித்துவிட்டு எனக்குச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன்.

"செங்கல்லை ஏத்துற வண்டியில நாங்க ஏறக் கூடாதா? குழுக் கடன்ல வாங்கின வண்டிதானே?" என்று ஒரு அக்கா கேட்டார். பேர் சொல்ல மாட்டேன், மூணாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு முதன்முதலில் குழுவில் சேரச் சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவர். என் மகள் காதுகுத்துக்கு முன்னால் நின்றவர். அவர் அப்படிக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவும் இல்லை. "சட்டம் இல்லக்கா, போலீஸ் பிடிப்பாங்க" என்று மட்டும் சொன்னேன். அது பாதிப் பதில். அதிகாரி மாதிரி பேசுகிறாள் என்று ஆகிவிட்டது. முழுப் பதிலை இப்போ சொல்கிறேன், அக்கா கேட்கட்டும்.

22 பேர், ஆளுக்கு 55 கிலோ என்றால் 1,210 கிலோ. நான் செங்கல்லே அவ்வளவு ஏற்றுவதில்லை. அது ஒன்று. செங்கல் வைத்த இடத்தில் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள். நின்றுகொண்டு வருவோம், கனமெல்லாம் இடுப்புக்கு மேலே. வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாரும் அதே பக்கம் சாய்ந்து ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுவோம். மூட்டை சரிந்தால் வண்டியைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆள் சரிந்தால் அதற்கு நேரம் இருக்காது. பிடித்துக்கொள்ள என்ன இருக்கு? முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் சரக்கு வண்டியில் போனவர்கள் கவிழ்ந்தார்கள் என்று பேப்பரில் படிக்காத வருஷம் உண்டா?

இன்னொன்று. சரக்கு வண்டியின் பின்னால் ஏறி வருகிற ஆளுக்கு என் இன்சூரன்ஸில் இடம் கிடையாது. எனக்கு ஏதாவது ஆனால் என் வீட்டோடு போகும். உங்களில் ஒருவருக்கு ஆனால், நஷ்டஈடு என் தலையில் விழும். நான் எதை விற்றுக் கொடுப்பேன்? நம்ம கூட்டமைப்புக் கடனில் வாங்கின வண்டியாலேயே நம்ம உறுப்பினர் குடும்பம் ஒன்று கோர்ட்டுக்கு அலைய வேண்டும். சேமிப்புக் கூட்டத்தில் எந்த முகத்தோடு உட்காருவேன்?

நாமும் குழுவில் ஒருத்தி எவ்வளவு கட்டுவாள் என்று பார்த்துத்தானே கடன் தீர்மானம் போடுகிறோம். வேண்டியவள் என்பதற்காகக் கட்ட முடியாத அளவு கொடுத்து, பிறகு நாமே அவள் வாசலில் போய் நின்ற கதையும் இந்தக் கூட்டமைப்பில் உண்டு. அதற்குமேல் அதைப் பேசவில்லை.

அன்றைக்கு என்ன ஆனது என்றும் சொல்ல வேண்டும். நான் வராததால் வேறொரு சரக்கு வண்டி பிடித்து எல்லாரும் போனார்கள். நல்லபடியாகக் காவடி செலுத்தி, தெப்பம் பார்த்து, ராத்திரி நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். தெருமுனையில் இறங்கும்போது, "பார்த்தியா, ஒண்ணும் ஆகல" என்று என் வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்கள். முருகன் காப்பாற்றினார், எனக்கும் சந்தோஷம்தான். நான் அன்றைக்குப் பகல் பூராவும் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், யாருக்கும் தெரியாது. ஏரிக்கரை மேட்டில் அதற்கு முன்னால் நானும் இருபது முப்பது தடவை அதிக பாரத்தோடு ஏறியிருக்கிறேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த அக்கா அன்றையிலிருந்து என்னிடம் கணக்குப் பேச்சைத் தவிர வேறு பேசுவதில்லை.

இந்த மேடையில் ரெண்டு கோரிக்கை வைக்கிறேன், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவதும் ஏற்றாததும் உங்கள் இஷ்டம். கூட்டமைப்புக் கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் கோயிலுக்கும் உறுப்பினர்களைச் சரக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போவதில்லை என்று முடிவு எடுங்கள். பஸ்ஸோ வேனோ, பொது நிதியில் இருந்து வாடகை கொடுக்கலாம். அடுத்தது, வண்டிக்குக் கடன் கொடுக்கும்போது ஆர்.சி.யில் இருக்கிற எடையைப் பார்த்து, அந்தப் பாரத்துக்கு என்ன வாடகை வருமோ அதை வைத்துத் தவணை போடுங்கள். ரெண்டு பங்கு பாரம் அடித்தால்தான் கட்ட முடியும் என்கிற தவணை போட்டால், அவள் ரெண்டு பங்கு அடிப்பாள். நான் அடித்தேன்.

இந்த வருஷக் கிருத்திகைக்குக் காவடி, பூ, பானகக் குடம், சமையல் சாமான் எல்லாம் என் வண்டியில் வாடகை இல்லாமல் ஏற்றிக்கொண்டு வரேன். ஆளுங்க பஸ்ஸில் வாங்க. முன்னால் என் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கு, அதில் ஒரு ஆள் வரலாம், பெல்ட் போட வேண்டும். அதை அந்த அக்காவுக்கு வைத்திருக்கிறேன். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புவேன். வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறேன்க்கா.